இஞ்ஞாசி மாமாவின் ரேஸ் கம்ப்யூட்டர்

திண்டுக்கல்
29-4-2002

அன்பு மருமகள் சகாயசெல்விக்கு மாமன் இஞ்ஞாசி எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசலாம் என்றால் உன் விடுதி மதர் "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். எனக்குத் தொண்டையைச் செருமவே ரெண்டு நிமிஷம் ஆகும். அதனால்தான் கடிதம்.

உன் மாமனுக்கு இப்போது ஊரில் புதுப் பேர் கிடைத்திருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஏற்கெனவே பேர் உண்டு, அது உனக்கே தெரியும். இது வேறு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்துல் கையூம் என்று ஒருவர் கம்ப்யூட்டர் கேம்ஸ் சென்டர் வைத்திருக்கிறார். அவர் கடை ஃபேனுக்குக் காயில் கட்டிக் கொடுக்கப் போனேன். "செத்த நேரம் உக்காருங்கண்ணே" என்று கார் ரேஸ் முன்னால் உட்கார வைத்தார். அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தா, ஜப்பானா தெரியவில்லை, அந்த மலைப்பாதையில் நான் விட்ட வேகத்தில் இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் வரிசையாக நின்று தோற்றார்கள். அதில் ஒருவன் படிப்பையே நிறுத்திவிட்டதாகக் கேள்வி. கையூம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க வந்து உக்காந்தா வேற எவனும் உள்ள வர மாட்டேங்கிறான். எம்பொழப்பு போகுதுண்ணே" என்று கண்ணீர் விட்டார். கண்ணீர் என்றால் லேசாகத்தான்.

ஆகவே வீட்டிலேயே ஒரு மிஷின் பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ரெடியாகச் செய்து வைத்திருப்பது வேண்டாம். மோட்டாரை நான் என்றைக்காவது ரெடியாக வாங்கியிருக்கிறேனா? பாடி ஒரு இடம், ஷாஃப்ட் ஒரு இடம், பேரிங் ஒரு இடம், கம்பி என் கை. இதையும் அப்படித்தான் பூட்டப்போகிறேன். நீதான் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறாயே. இங்கே எல்லாரிடமும் மருமகள் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல சாமானாகப் பார்த்து எழுது. எத்தனை குதிரைசக்தி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்பதையும் எழுது. கையில் வாங்கினால் கை இறங்க வேண்டும். கனமில்லாத எதையும் நான் நம்புவதில்லை.

உன் அத்தை சேவுகம்பட்டியில் அவள் தம்பி பிராங்க்ளின் வீட்டில் இருக்கிறாள். வத்தலக்குண்டுப் பக்கம் காற்று நல்ல காற்று, போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று நான்தான் அனுப்பி வைத்தேன். அவளுடைய தையல் மிஷினை நான் ஓரமாகத் தள்ளியதில் கம்ப்யூட்டருக்கு இடமும் கிடைத்துவிட்டது.

உன் மாமன்,
இஞ்ஞாசி

*

சென்னை
6-5-2002

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வத்தலக்குண்டுக் காற்றைப் பற்றி அம்மா வேறு மாதிரி சொன்னாள்.

ஏப்ரல் இருபதாம் தேதி உங்கள் கல்யாண வெள்ளி விழா. அத்தை முன்கூட்டியே பங்குச் சாமியாரிடம் சொல்லி மாதா கோயில் மாலைப் பூசைக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கைப்பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்திருக்கிறார். "இருபத்தைந்து ஆண்டு இல்லறத்துக்கு நன்றியாக இஞ்ஞாசி, சவேரியம்மாள் தம்பதியருக்காக" என்று சாமியார் வாசித்ததும் கோயிலே திரும்பிப் பார்த்ததாம். அத்தை பக்கத்தில் கைப்பைதான் உட்கார்ந்திருந்ததாம். நீங்கள் கையூம் கடையில் சுவிட்சர்லாந்தில் இருந்தீர்கள். மறுநாள் காலை அத்தை பஸ் ஏறிவிட்டார். நீங்கள் அனுப்பி வைத்தீர்களாக்கும்!

ஜெஸ்ஸி அக்கா கல்யாணமாகி ஓசூர் போனதிலிருந்து அந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தானே மாமா. அதில் ஒருவர் சாயங்காலம் இல்லையென்றால் மற்றவர் என்ன செய்வார்? நான் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க அத்தை கையால் சாப்பிட்டவள். எனக்குக் கோபம் வருகிறது.

ஆனாலும் நான் உதவாவிட்டால் யாராவது உங்கள் தலையில் எதையாவது கட்டிவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குக் குதிரைசக்தி கிடையாது. ப்ராசஸர் என்பதுதான் மூளை. அது ஒரு பிஸ்கட்டைவிடச் சின்னது, அதன் கிலோவைக் கேட்டு என் மானத்தை வாங்காதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு, மூளைக்கே பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு கிராபிக்ஸ் கார்டை விட்டுவிடுவது. சாலையையும் காரையும் புழுதியையும் திரையில் வரைவது கார்டுதான். கார் ரேஸ் விளையாட மூளை சுமாராக இருந்தால் போதும், கார்டு நன்றாக இருக்க வேண்டும். மெமரி தாராளமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் நடு ரேஸில் நின்று யோசிக்கும். மானிட்டர் பதினைந்து இன்ச் போதும். கரண்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு டப்பா உண்டு, எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். இதை எதற்காக வாங்குகிறீர்கள்? அத்தைக்குத் தெரியுமா?

செல்வி

பி.கு.: நான் இன்ஜினியர் இல்லை. பில் போடுகிறேன்.

*

திண்டுக்கல்
11-5-2002

அன்பு மருமகளுக்கு,

உன் அம்மா என் உடன்பிறந்த அக்காதான். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது உப்பு, காரம் கூட்டாமல் அவளால் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் அவளுக்கு மட்டும்தான்.

நடந்தது இது. நான் கோயிலுக்குத்தான் கிளம்பினேன். வேஷ்டி சட்டையெல்லாம் போட்டாகிவிட்டது. வழியில் கையூம் ஓடி வந்து, "அண்ணே, மதுரையிலேருந்து ஒருத்தன் வந்துருக்கான். திண்டுக்கல்காரன் எவனுக்கும் கார் ஓட்டத் தெரியாதுங்கிறான்" என்றார். நீயே சொல், ஊர் மானம். ஒரே ஒரு ரேஸ் என்று உட்கார்ந்தேன். அவனைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு எழுந்து பார்த்தால் கோயிலில் விளக்கணைத்துவிட்டார்கள்.

அதற்குப் பரிகாரமும் செய்துவிட்டேன். போன வாரம் சாமியாரைப் பார்த்து, மறுபடியும் பெயர் கொடுத்து, அதே மாலைப் பூசையில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அத்தை வருவாள் என்று நம்பி, பிராங்க்ளினிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். சாமியார் பெயரை வாசித்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கைப்பைகூட இல்லை.

உன் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். மிஷின் எங்கே இருக்கிறதோ அங்கே நான் இருக்கிறேன். மிஷின் வீட்டில் இருந்தால் நான் வீட்டில் இருப்பேன், அவள் கண் முன்னாலேயே. இதைவிட ஒரு புருஷன் என்ன செய்ய முடியும்? அத்தைக்கு இன்னும் தெரியாது. வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி சாமான்கள். பிஸ்கட் அளவு மூளை போதும் என்கிறாய், சரி, பிராங்க்ளின் அதை வைத்துக்கொண்டுதானே காலம் தள்ளுகிறான். கார்டு நீ சொன்னதே இருக்கட்டும். மானிட்டர் பதினேழு இன்ச். பதினைந்தில் மலைப்பாதை வளைவது தெரியாது. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைக் கையூம் கடையில் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். காகிதம் மாதிரி இருக்கிறது. உள்ளே செம்பு இருந்தால் இப்படியா இருக்கும்? நீ கடையில் இருக்கிற எல்லா டப்பாவையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எது கையை இறக்குகிறதோ அதை எடு. ஸ்டெபிலைசர் நீ அனுப்ப வேண்டாம். திண்டுக்கல்லில் பாதி வீட்டு டிவி என் கையால் கட்டிய ஸ்டெபிலைசரில்தான் ஓடுகிறது. கரண்ட் குறைந்தால் குமிழை ஒரு படி ஏற்ற வேண்டும், கூடினால் ஒரு படி இறக்க வேண்டும். அவ்வளவுதான் மின்சாரம். மீதியெல்லாம் படித்தவர்கள் பயமுறுத்துவது.

பணம் மணியார்டரில் வருகிறது.

இஞ்ஞாசி

*

சென்னை
24-5-2002

அன்புள்ள மாமாவுக்கு,

சாமான்களை லாரி பார்சலில் போட்டுவிட்டேன். கடை முதலாளி முன்னால் பத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒவ்வொன்றாக எடுத்து, தேங்காய் பார்த்து வாங்குகிற மாதிரி கையில் ஏந்திப் பார்த்தேன். "என்னம்மா, காதுகிட்ட வெச்சு ஆட்டியும் பாரேன்" என்றார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கனமானதைத் திறந்து பார்த்தால் உள்ளே நிஜமாகவே நல்ல சாமான் போட்டிருந்தார்கள். இதில் நீங்கள் சொன்னது சரி. இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

போர்டு, ப்ராசஸர், மெமரி, நாற்பது ஜி.பி. ஹார்ட் டிஸ்க், கேபினெட், உங்கள் பதினேழு இன்ச் எல்லாம் வரும். எதை எங்கே சொருகுவது என்று தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அதன் இடத்தில் மட்டும்தான் நுழையும். நுழையாவிட்டால் இடம் தப்பு. சுத்தியல் எடுக்காதீர்கள். கையில் எடுக்கும் முன் கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரண்ட் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் உங்கள் தொழில், அதில் நான் தலையிடவில்லை.

கிராபிக்ஸ் கார்டை மட்டும் அனுப்பவில்லை. என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், போர்டிலேயே சின்னதாக ஒன்று இருக்கிறது. கார் ரேஸ்தான் நொண்டும். அத்தை வீட்டுக்கு வந்து, அவரே தன் கைப்பட "அனுப்பு" என்று எனக்கு ஒரு வரி எழுதினால் அன்றைக்கே கூரியரில் வரும்.

கோபித்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை.

செல்வி

*

திண்டுக்கல்
3-6-2002

மருமகளுக்கு,

நீ போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவள்.

மிஷினை ஒரே மூச்சில் பூட்டிவிட்டேன். தெருவே கூடிவிட்டது. மாவு மில் நாச்சிமுத்து மில்லை நிறுத்திவிட்டு வந்து நின்றார். மேட்டுப்பட்டியிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். உன் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை, இரண்டு மூன்று தடவை தவிர. சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்றி, திரையில் எழுத்து ஓடியதும் நாச்சிமுத்து, "ஏலே இஞ்ஞாசி, உசுரு வந்துருச்சுடா" என்று கத்தினார். எனக்கு ஜெஸ்ஸி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஞாபகம் வந்தது.

ஆனால் ரேஸ் போட்டால் கார் நொண்டுகிறது. வளைவில் ஒரு இடத்தில் காணாமல் போய், மலைக்குள்ளிருந்து வெளியே வருகிறது. மாட்டு வண்டியில் போனால்கூட இதைவிட முன்னால் வந்திருப்பேன். உன் கார்டு இல்லாத குறை.

ஆகவே நேற்று சேவுகம்பட்டிக்குப் போனேன். பிராங்க்ளின் வாசலில் நின்று, "வாங்க மச்சான்" என்று வரவேற்றான். அத்தை உள்ளே இருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் நல்லபடியாகத்தான் பேச்சை ஆரம்பித்தேன். வீட்டிலேயே மிஷின் பூட்டியாகிவிட்டது, இனி நான் எங்கும் போகப் போவதில்லை, நீ வந்து செல்விக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், கார்டு வந்துவிடும் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னையக் கூப்புட வந்தீகளா, அந்தக் கார்டைக் கூப்புட வந்தீகளா?" என்றாள்.

பிராங்க்ளின் சிரித்தான். அவன் பிள்ளைகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. எனக்குப் பேச்சு வராத சந்தர்ப்பம் என்று ஒன்று வாழ்க்கையில் வந்ததில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அது ஒன்றுதான்.

மிஷினுக்கு மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். கையூம் கடைக்கும் போகவில்லை. ஓட்டலில்தான் சாப்பாடு. தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனமும் வாய்க்கு விளங்கவில்லை.

இஞ்ஞாசி

*

சென்னை
10-6-2002

அன்புள்ள மாமாவுக்கு,

தப்பு என்மேல். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கார்டை வைத்தவள் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள். கார்டு இதோடு கூரியரில் வருகிறது. யாரும் யாருக்கும் எதையும் எழுத வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து விடுதிக்குப் போன் செய்தார். இதை உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். "அவரு வெளையாடுறதுல எனக்கென்ன பொறாமையாடி? பொழுது சாஞ்சா அந்த வீட்டுல டிவி பேசும், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு நா ரேஷன் கடையில பேர் சொல்லிக் கூப்புட்டாக, எனக்கே திக்குன்னு ஆயிப்போச்சு. எம்பேரை வெளிய யாரோ கூப்புட்டுக் கேட்டு எம்புட்டு நாளாச்சுன்னு" என்றார். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான். மதர் வந்து நின்றார். நாங்கள் இரண்டு நிமிஷத்தைத் தாண்டிவிட்டோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வருகிறார். தங்குவதற்கு இல்லை. பீரோவில் இருக்கிற மீதித் துணிகளை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பப் போகிறாராம். மாமா, அன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அது போதும்.

செல்வி

*

திண்டுக்கல்
17-6-2002

மருமகளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இடி விழுந்தது. நீல நிறத்தில் ஒரு உருண்டை ஜன்னல் வழியாக வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நான் குறுக்கே பாய்ந்து தடுத்தேன். அதில்தான் கை. புகை, நாற்றம், இருட்டு. இப்போது சுவிட்சைப் போட்டால் ஒன்றும் அசையவில்லை. விசிறி சுற்றவில்லை. எல்லாம் போச்சு.

அத்தை அன்று பஸ்ஸுக்குப் போகவில்லை. கையைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டாள். ஆனால் நேற்றைக்குச் சொல்லிவிட்டாள்: "மெசினும் போச்சு. இனி கை சரியானா நீங்க கையூம் கடைக்குத்தான் போவீக. நான் எதுக்கு இங்க? வர்ற ஞாயித்துக்கெழம கெளம்புறேன்." நான் போக மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். உங்க சத்தியத்தையும் தெரியும், இடியையும் தெரியும் என்றாள்.

செல்வி, நீ சொல். இடி விழுந்தால் எல்லாச் சாமானும் போய்விடுமா? ஏதாவது ஒன்றாவது பிழைத்திருக்குமா? உடனே பதில் போடு. விளையாட்டுக்காகக் கேட்கவில்லை.

இஞ்ஞாசி

*

சென்னை
21-6-2002

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் கை எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினீர்களா?

சனிக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு பொட்டு மழை இல்லை என்று அம்மா சொல்கிறாள். மாடியில் வத்தல் காயப்போட்டிருந்தாளாம்.

மாமா, எஸ்.எம்.பி.எஸ். டப்பாவின் பின்பக்கம், வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அதைத் தள்ளினால் 230 என்பது மறைந்து 115 என்று வரும். அது குறைந்த கரண்டுக்கு வைத்த படி அல்ல. வேறு தேசத்துக் கரண்டுக்கு வைத்தது. நம் ஊரில் அதைத் தொடவே கூடாது. கரண்ட் குறையும்போது ஒரு படி ஏற்றியே பழகிய ஒருவர் அதைப் பார்த்தால் என்ன செய்வார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். படமெல்லாம் போட்டவள் அதைப் போடாமல் விட்டேன்.

நீங்கள் அதைத் தள்ளியிருந்தால், நல்ல செய்தி. அப்படி ஆகும்போது பெரும்பாலும் அந்த டப்பா மட்டும்தான் சாகும். மற்றவற்றைக் காப்பாற்றிவிட்டுத்தான் சாகும், அதிலும் நாம் வாங்கியது நல்ல டப்பா. புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். சிவப்பு ஸ்விட்ச்சின்மேல் நானே டேப் ஒட்டியிருக்கிறேன். பிரிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை போகிறாரா, இருக்கிறாரா? எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு தபால் கார்டு போடுங்கள்.

செல்வி

*

திண்டுக்கல்
1-7-2002

அன்பு மருமகள் சகாயசெல்விக்கு,

வலது கையால் எழுதுகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது. இடியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அன்றைக்கு அத்தை வந்தபோது செருப்பை ஓரமாகக்கூட வைக்கவில்லை. வாசல் நடுவிலேயே விட்டுவிட்டு வந்தாள், உடனே கிளம்பும் ஆள் விடுகிற மாதிரி. நீ சொன்னபடி நான் "சவேரி, சாப்டியா?" என்று கேட்டேன். பீரோவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "ம்" என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். வாயை மூடத்தான் மூடினேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டு மட்டும் காட்டினேன்.

நாச்சிமுத்து மில் ஓடிக்கொண்டிருந்த நேரம். மில் ஓடினால் தெருவில் பாதிக் கரண்ட்கூட இருக்காது. என் ஸ்டெபிலைசர் கடைசிப் படியில் நின்றும் மிஷின் கிளம்புவதும் அணைவதுமாக இருந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். எனக்கு மானம் போகிறது. அப்போதுதான் பின்னால் அந்தச் சிவப்பு ஸ்விட்ச் கண்ணில் பட்டது. கண்டுபிடித்தவன் நம்ம ஆள்தான் போலிருக்கிறது, இன்னொரு படி வைத்திருக்கிறானே என்று தள்ளினேன். மருமகளே, செத்த நேரம் அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே! புதுக் கார்டில் காரின் கண்ணாடியில் மேகம் தெரிந்தது. அவளே துணி மடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து மில்லை நிறுத்தினார். தெருக் கரண்ட் மொத்தமும் என் வீட்டுக்குள் வந்தது.

வெடிச் சத்தத்தில் நான் கீழே விழுந்தேன், கையில் வயரோடு. இருட்டு. அவள் காயில்காரன் பெண்டாட்டி. கரண்ட் பிடித்தவனைக் கையால் தொடக் கூடாது, கட்டையால் அடித்துப் பிரிக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் நானே சொல்லிக் கொடுத்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையை எடுத்து அடித்தாள் பார். ஒன்று, இரண்டு. "அடியே, என்னைக் கரண்டு புடிக்கலடி!" என்று கத்துகிறேன். "புடிக்காம எதுக்குய்யா கீழ கெடக்கீக?" என்று இன்னொன்று போட்டாள். பிறகு கட்டையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். "செத்துட்டீகன்னு நெனச்சேன்" என்றாள். கையில் பட்ட அந்த அடி வலிக்கவே இல்லை. மறுநாள்தான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாளா? ஞாயிறும் வந்தது. காலையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவள் மாவு கரைக்கிற சத்தம் கேட்டது. "போகலையா?" என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம். புதன்கிழமை உன் டப்பா வந்தது. பூட்டினேன். மெயின் ஸ்விட்ச்சில் கை வைத்தபடி அவள் நின்றாள். விசிறி சுற்றியது. எழுத்து ஓடியது. மூளை, மெமரி, கார்டு, எல்லாம் உயிரோடு இருந்தன. நான் விட்ட பெருமூச்சில் அவள் சிரித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் கடையைச் சாத்திவிட்டு நேரே வீடு. நேற்று நான் ரேஸ் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, சுத்திச் சுத்திக் கெளம்புன எடத்துக்கே வாறதுக்கா இம்புட்டு வேகமாப் போறாக?" என்றாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் கார் பாறையில் மோதிவிட்டது. எட்டுக் காரில் எட்டாவதாக வந்தேன். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இன்று காலை பிராங்க்ளின் அவளுடைய டிரங்குப் பெட்டியை வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் தோளில் தூக்கி வந்தேன். எங்கே வைக்க என்று கேட்டேன். "கட்டிலுக்கு அடியில தள்ளுங்க, செவுரு முட்ட. இனிமே அதை எடுக்கிற சோலி இல்ல" என்றாள்.

தள்ளிவிட்டேன், மருமகளே.

உன் மாமன்,
இஞ்ஞாசி